கதவிலிருந்து ஊசிவரை

நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக அந்தச் சமூக மருத்துவமனையில் பக்கவாத நோயாளி ஒருவருக்கும் சிகிச்சை தாமதமானதில்லை. அவசரப் பிரிவின் வாசலில் மாட்டியிருந்த பலகை அப்படித்தான் சொன்னது. 'தாமதமின்றி' என்ற சொல்லுக்குக் கீழே மூன்று எண் அட்டைகள் கொக்கியில் தொங்கின. தினமும் காலையில் காவலாளி ஸ்டூலில் ஏறிக் கடைசி அட்டையை மாற்றுவார். அன்று காலையும் மாற்றியிருந்தார்.

அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தையல்காரி இறங்கினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருந்தாள். பின் இருக்கையில் அவள் கணவர் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. வலது கை மடியில் இருந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

அவர் பேருந்து நிலையத்து அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று இருபத்தாறு வருடமாக ஊருக்குச் சொல்கிறவர். முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. குரல்தான் வேலை, குரல்தான் சோறு. வீட்டிலும் அந்தக் குரல்தான் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது, பதினோரு நாள் முன்புவரை.

பதினோரு நாட்களாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு கத்திரிக்கோல். எட்டு அங்குலம், கறுப்புக் கைப்பிடி, துணிக்கு மட்டும் என்று அவள் தனியாக வைத்திருந்தது. ஒரு நாள் காலையில் அது தையல் மேஜையில் இல்லை.

"நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்?" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "நீதான் எங்கயாவது வச்சுட்டு மறந்திருப்ப. வயசாகுதுல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

கத்திரிக்கோலுக்குக் கால் முளைக்காது என்பது அவள் கட்சி. மறதிக்கு மருந்து இருக்கிறது என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து அவர் சுவரிடம் பேசினார், அவள் அடுப்பிடம் பேசினாள். "சில பேருக்கு டீல சர்க்கரை போட்டோமாங்கறதுகூட ஞாபகம் இருக்கறதில்ல" என்பார் சுவரிடம். "சில பேருக்கு நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்பாள் அடுப்பிடம்.

இன்று காலை எட்டு மணிக்கு அவர் இரவு வேலை முடிந்து வந்தார். ஷூவைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். அவள் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய கத்திரிக்கோலால் ஒரு சட்டைக்கு வெட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது டீயில் ஆடை படர்ந்திருந்தது. செய்தித்தாள் தரையில் கிடந்தது.

"டீ ஆறுது" என்றாள் அடுப்பிடம்.

அவர் டம்ளருக்குக் கை நீட்டவில்லை.

"என்னங்க" என்றாள்.

பதினோரு நாளில் அவள் நேராக அவரிடம் சொன்ன முதல் சொல் அது. அவர் பார்த்தார். பேசவில்லை. நாமே இறங்கி வந்த பிறகும் இவ்வளவு வீம்பா என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு நிமிடம் முழுக்கக் கோபமாகவே இருந்தாள். பிறகுதான் அவர் வாயைப் பார்த்தாள்.

அவசரப் பிரிவுக்குக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கூரை போட்ட ஓர் இடம், பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி. 'வருகைக்கு முந்தைய கூடம்' என்று மேலே எழுதியிருந்தது. எதிர்ச் சுவரில் பெரிய சுவரொட்டி: 'பக்கவாதமா? ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்!' காத்திருப்பவர்கள் நிதானமாகப் படிக்கும்படி நாற்காலிகளை அதைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டியிருந்த ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்தார். சட்டைப்பையில் 'நேர அலுவலர்' என்று வில்லை குத்தியிருந்தது.

"அம்மா, கோட்டைத் தாண்டாதீங்க."

"சார், இவருக்கு வாய் கோணிக்கிச்சு. கை தூக்க முடியல. பேச்சு வரல."

"பார்த்தாலே தெரியுதும்மா. பக்கவாதம்தான்." அவர் குரலில் உண்மையான கரிசனம் இருந்தது. "அதனாலதான் சொல்றேன். தாண்டிட்டா வாட்ச் ஓட ஆரம்பிச்சுடும்."

"ஓடட்டுமே சார்."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! கதவிலிருந்து ஊசிவரை ஏழு நிமிஷம். அதுதான் எங்க கணக்கு. இவர் பாட்டுக்கு உள்ள போயி, அங்க டாக்டர் கை கழுவிட்டு இருந்தா? ஸ்கேன் ரூம்ல லைட் போடாம இருந்தா? எட்டாவது நிமிஷம் வந்துடும். உங்க வீட்டுக்காரர் தாமதமான நோயாளி ஆயிடுவார். அந்தப் பேரு அவருக்கு எதுக்கு?"

"அப்ப எப்ப சார் உள்ள விடுவீங்க?"

"எல்லாம் தயாரானதும்."

"எல்லாம் எப்ப தயாராகும்?"

"நோயாளி வந்ததும் தயார் பண்ணுவாங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். "இவர் இன்னும் வரலையா சார்?"

"வரலை" என்றார் நேர அலுவலர், மூன்றடி தூரத்திலிருந்து. "வந்துட்டு இருக்கார்."

சக்கர நாற்காலிகள் கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சொத்து. எனவே கார் ஓட்டுநரும் அவளும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் சரியாமல் இருக்க அவள் தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டாள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், போட்டால் பேச்சு திரும்ப வாய்ப்பு உண்டு, நேரம் தவறினால் அந்த வாய்ப்பு போய்விடும் என்று நேர அலுவலர் விளக்கினார். மிகத் தெளிவாக விளக்கினார். இதைச் சொல்வதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"நீங்க உட்கார்ந்திருக்கற நேரம் வீணாகக் கூடாதுன்னு பாதிப் பரிசோதனையை நாங்க இங்கயே முடிச்சுடுவோம்" என்று குனிந்தார். "சார், நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. வானம் நீலமாக இருக்கிறது."

அறிவிப்பாளர் அவர் வாயையே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. நெற்றியில் வியர்த்தது. கடைசியில் அந்தக் கோணிய வாயிலிருந்து ஊருக்கே தெரிந்த குரல் கணீரென்று வந்தது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

பேச்சை உருவாக்கும் இடம் அடைபட்டாலும், லட்சம் தடவை சொல்லித் தேய்ந்த வாக்கியம் மூளையின் வேறு வழியாக வெளியே வந்துவிடும். எண்கள் அப்படி வரும், வசவுகள் வரும், பாட்டு வரும். சொல்ல நினைத்தது மட்டும் வராது. இது நேர அலுவலருக்குத் தந்த பயிற்சியில் இல்லை.

"அட, நம்ம பஸ் ஸ்டாண்ட் சார்!" அவர் முகம் மலர்ந்தது. "தினமும் உங்க குரலைக் கேட்டுத்தான் சார் வீட்டுக்கே போறேன்!" வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டதும் அது மடியில் விழுந்தது. "பேச்சு பிரமாதமா இருக்கேம்மா. வரலைன்னு சொன்னீங்க?"

"அது ஒண்ணுதான் சார் வருது. கார்லயும் அதையேதான் சொன்னார். வேற ஏதாவது கேட்டுப் பாருங்க."

"சார், உங்க மனைவி பேரு என்ன?"

அவர் அவளைப் பார்த்தார். கண் கலங்கியது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

"தமாஷும் பண்றார்" என்றார் நேர அலுவலர். கையிலிருந்த படிவத்தில் பேச்சு என்ற இடத்தில் 'மிக நன்று' என்று குறித்துக்கொண்டார். "அடுத்தது நேரம். இதுதாம்மா முக்கியம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்ககிட்ட இவர் கடைசியா நல்லாப் பேசினது எப்போ?"

தையல்காரி அளவு நாடாவை விரலில் சுற்றினாள்.

"காலைல எட்டு மணிக்கு வந்தார் சார்."

"வந்தது இருக்கட்டும். பேசினது?"

"செய்தித்தாள் படிச்சார்."

"சத்தமாவா?"

"இல்ல."

"அப்ப பேசலை. நேத்து?"

"நேத்து... சுவர்கிட்ட ஏதோ சொன்னார்."

"சுவரை நான் விசாரிக்க முடியாதும்மா. உங்ககிட்ட. நேருக்கு நேரா. எப்போ?"

பக்கத்து நாற்காலிகளில் யாருடைய வீட்டு விஷயமானாலும் கேட்கத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "பதினோரு நாள் ஆச்சு சார்."

நேர அலுவலர் நிமிர்ந்தார். பேனாவின் பின்பக்கத்தால் தலையைச் சொறிந்தார். ஒரு கணக்கு அவருக்குள் மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது.

"அப்படின்னா பேச்சு நின்னு பதினோரு நாள். பக்கவாதம் வந்து பதினோரு நாள். ஆனா இன்னைக்குப் பேச்சு மிக நன்று." அவர் கை நீட்டினார். "வாழ்த்துகள்மா. இவர் குணமாயிட்டார்."

"சார்!"

"எழுதியாச்சு. வியாழக்கிழமை பின்பக்கம் பயிற்சிப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. கைக்குப் பந்து குடுப்பாங்க, அமுக்கறதுக்கு."

"சார், அது சண்டை சார். வியாதி இல்ல. நாங்க சும்மா பேசாம இருந்தோம்."

"சும்மா யாராவது பதினோரு நாள் பேசாம இருப்பாங்களா?" என்று கேட்டார். அவர் கல்யாணம் ஆகாதவர்.

அவள் மேற்கொண்டு வாதாட வாய் திறந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். மதிப்பீட்டுக் குழு வந்துவிட்டது. அன்று தங்கக் கேடயத்துக்கான ஆய்வு என்பது கார் ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியாது. குழுத் தலைவரையும் மற்ற இருவரையும் கூடத்தின் நடுவில் நிறுத்தி, பூங்கொத்துக் கொடுத்து, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பேசத் தொடங்கினார். நல்ல உயரம், நல்ல தொண்டை.

"மற்ற மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது? நோயாளி வருகிறார், பிறகு இவர்கள் ஓடுகிறார்கள். இது பழைய முறை. இங்கே நாங்கள் முதலில் தயாராகிறோம், பிறகே நோயாளி வருகிறார். தயாராக முடியாத நாளில் நோயாளி வருவதே இல்லை. எங்களிடம் தாமதமாகச் சிகிச்சை பெற்ற ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் இந்தப் பதவியை விட்டு விலகுகிறேன். இந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பக்கவாதத்தால் ஒரு மரணம்கூட நிகழ்ந்ததில்லை. வெளியே நிகழ்வது நகராட்சியின் பொறுப்பு."

கைதட்டினார்கள். குழுத் தலைவர் மஞ்சள் கோட்டைக் குனிந்து பார்த்து, "என்ன பெயின்ட்?" என்று விசாரித்தார்.

இதற்கிடையே கண்ணாடிக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. மறுபடி உள்ளே போவதற்காக வந்தது அது. அதன் மேல் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா போர்வை போர்த்திப் படுத்திருந்தார். ஆய்வுக்கும் ஒத்திகைக்கும் நோயாளியாக நடிப்பது அவர் கூடுதல் பொறுப்பு. 'நிரந்தர நோயாளி' என்று ஊழியர்கள் கூப்பிடுவார்கள். விசில் ஊதும்வரை ஓய்வு என்பதால் வாயை நேராகவே வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அறிவிப்பாளரைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"புது ஆளா?" என்றார் தையல்காரியிடம்.

"என்னங்க?"

"இல்ல, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஆள் மாத்தறோம்னு." எழும்பி முழங்கையை ஊன்றிக்கொண்டு அறிவிப்பாளரை ஆராய்ந்தார். "வாய் நல்லாத்தான் கோணுது. ஒத்துக்கறேன். எனக்கு அது பிடிபட ஒரு மாசம் ஆச்சு. ஆனா அண்ணே, கையைக் கொஞ்சம் அதிகமா தொங்கவிடறீங்க. இவ்வளவு பண்ணினா குழு நம்பாது."

"அவர் நடிக்கலைங்க" என்றாள்.

"அப்படித்தான் சொல்லணும். எனக்கும் ஒரு மனைவி உண்டு, உள்ள ஒரு நர்ஸம்மா. உங்களைவிட நல்லா அழுவாங்க."

அறிவிப்பாளரின் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்து காலரில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. தையல்காரி சேலை முனையால் துடைத்தாள். உடனே மறுபடி வழிந்தது.

"எனக்கு எச்சில் மட்டும் வராது" என்றார் குமாஸ்தா மெதுவாக. "நானூறு நாளா முயற்சி பண்றேன்." பிறகு போர்வையை விலக்கி உட்கார்ந்தார். "அம்மா. இவரை எப்ப கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"பதினொண்ணு ஆகப் போகுதே!"

"வந்துட்டு இருக்காராம்" என்றாள்.

குமாஸ்தா கோட்டைப் பார்த்தார், கண்காணிப்பாளரின் முதுகைப் பார்த்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. நானூறு நாளா இந்தக் கோட்டைத் தாண்டின பக்கவாத நோயாளி நான் ஒருத்தன்தான். வாரத்துக்கு ஒரு தடவை வருவேன், ஏழு நிமிஷத்துல ஊசி போட்டுக்குவேன், எழுந்து போய்ச் சம்பளப் பட்டியல் போடுவேன். மத்தவங்களை எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அது மூணு மணி நேரம். காலைப் பிடிங்க."

"எந்தக் காலை?"

"உங்க வீட்டுக்காரர் காலை. நான் தலைப்பக்கம்."

அவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து இறங்கிய அதே கணத்தில் கண்காணிப்பாளர் பெருமிதத்துடன் திரும்பி, "இதோ நமது இன்றைய நோயாளி, முழுப் பக்கவாதம்" என்று கையைக் காட்டினார். முழுப் பக்கவாதம் இரண்டு காலில் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது.

குழுத் தலைவரின் பேனா நின்றது. கண்காணிப்பாளர் இந்தப் பதவிக்குச் சும்மா வரவில்லை.

"பார்த்தீர்களா!" என்றார். "கதவைக்கூடத் தாண்டவில்லை. ஊசிகூடப் போடவில்லை."

கைதட்டல் காதைப் பிளந்தது. குழுத் தலைவர் 'சிகிச்சைக்கு முன்பே குணம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தக் கைதட்டலுக்குள் குமாஸ்தாவும் தையல்காரியும் அறிவிப்பாளரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். விசில் ஊத வேண்டியவர் ஊதிவிட்டார். நேர அலுவலரின் கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்டாப்வாட்சை அமுக்கியது. குமாஸ்தா தள்ளினார். எந்தத் திருப்பத்தில் சக்கரம் மாட்டும் என்பது அவருக்குப் படுத்தபடியே பழக்கம். ஸ்ட்ரெச்சர் மஞ்சள் கோட்டைத் தாண்டியது.

உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. ஸ்கேன் அறையில் விளக்கு எரிந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பெட்டியைவிட்டு வெளியே வந்திருந்தது. டூட்டி டாக்டர் கையுறை போட்டு நின்றாள். அவள் பணியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பின்வாசல் வழியாக வந்து போவதால் மஞ்சள் கோட்டைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இந்த மருத்துவமனைக்குப் பக்கவாத நோயாளிகளே வருவதில்லை என்று நம்பியிருந்தாள்.

"எப்போ ஆரம்பிச்சது?" என்று ஒத்திகையில் உள்ளபடி கேட்டாள்.

"முப்பது நிமிஷம் முன்னாடி டாக்டர், சாப்பிட்டுட்டே இருந்தார், அப்படியே சாஞ்சுட்டார்" என்று மனைவியாக நடிக்கும் நர்ஸ் விம்மினாள். அவள் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் நின்றது.

டாக்டர் குனிந்தாள். கண்ணில் வெளிச்சம் அடித்தாள். வலது கையைத் தூக்கிவிட்டாள், அது விழுந்தது. நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இது யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் தையல்காரி. சொன்னதும் ஒரே மூச்சில் மிச்சமும் வந்துவிட்டது. "எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். நல்லாத்தான் இருந்தார். ஆனா பேசினதை நான் கேக்கல டாக்டர். எங்களுக்குள்ள பேச்சு இல்ல. பேச்சு இல்லாததால அந்த சார் குணமாயிடுச்சுன்னு எழுதிட்டார்."

"பேச்சு இருக்கட்டும்மா. எப்படி வந்தார்?"

"நடந்து."

"வந்து என்ன செஞ்சார்?"

"ஷூவைக் கழட்டினார்."

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும். நாடாவுல முடிச்சு இறுகியிருந்தது. குனிஞ்சு நிதானமா நகத்தால நெம்பி அவிழ்த்தார். நான் பார்க்காத மாதிரி பார்த்துட்டு இருந்தேன்."

"போதும்" என்றாள் டாக்டர். "எட்டு மணி. பன்னிரண்டரை வரைக்கும் நேரம் இருக்கு."

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. ஊசி போடலாம். டாக்டர் கை நீட்டினாள். நர்ஸ் வழக்கமான தட்டை நீட்டினாள். டாக்டர் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது உப்புத் தண்ணி."

"எப்பவும் இதுதான் டாக்டர்" என்றாள் நர்ஸ்.

"நிஜ மருந்து?"

"ஒண்ணு இருக்கு. கண்காணிப்பாளர் சார் ரூம்ல, கேடயங்களுக்குப் பக்கத்துல, கண்ணாடிப் பெட்டியில. ஆனா இன்னைக்கு வெளிய எடுத்திருப்பாங்க. போட்டோவுக்கு."

கூடத்தில் குழுத் தலைவர் அந்தக் குப்பியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்காணிப்பாளர் ஒருபுறம் பூங்கொத்தோடு. புகைப்படக்காரர் "கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கையுறையோடு நடுவில் வந்து நின்றாள்.

"சார், அதைக் குடுங்க."

"இதையா?" என்றார் தலைவர். "எதற்கு?"

"நோயாளிக்கு."

"நோயாளிதான் குணமாகிவிட்டாரே."

"இது வேற நோயாளி."

கண்காணிப்பாளர் அவளைத் தனியாக இழுத்துக் காதோடு பேசினார். ஆனால் அந்தத் தொண்டைக்குக் காதோடு பேசத் தெரியாது. "டாக்டர், உங்களுக்குப் புரியவில்லை. அதைத் திறந்துவிட்டால் பெட்டியில் வைக்க வேறு மருந்து இல்லை. மருந்தில்லாத மருத்துவமனை என்று எழுதிவிடுவார்கள். அது இருக்கிறவரைதான் நம்மிடம் இருக்கிறது."

டாக்டர் தலைவரின் விரலிலிருந்து குப்பியை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பி ஒட்டியிருந்த தேதியைப் படித்தாள். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஃபிளாஷ் மின்னியது. அந்தப் படம் இன்றும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. தலைவர் தன் கையாலேயே மருந்து எடுத்துக் கொடுப்பதுபோல அழகாக விழுந்திருக்கிறது.

ஊசி ஏறியபோது நேர அலுவலர் ஸ்டாப்வாட்சை நிறுத்திப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொன்பது நிமிடம்.

மாலையில் அவசரக் கூட்டம் நடந்தது. முப்பத்தொன்பது என்று எழுதினால் பலகையில் பூஜ்ஜியம் மாட்ட வேண்டும், கேடயம் போய்விடும். ஒரு மணி நேரம் பேசி வழி கண்டுபிடித்தார்கள். ஆவணங்களின்படி அந்த நோயாளி காலையிலேயே குணமானவர். குணமானவர் எதற்குக் கோட்டைத் தாண்டுவார்? எனவே தாண்டவில்லை. எனவே வரவில்லை. அவர் படுத்திருக்கும் கட்டில் ஆண்கள் வார்டின் ஜன்னலோரத்தில் இருந்தாலும், அவர் வருகைக்கு முந்தைய கூடத்தில் இருப்பதாகவே கருத வேண்டும் என்று கண்காணிப்பாளர் தீர்ப்புச் சொன்னார். வராதவருக்குச் சாப்பாடு எழுத முடியாது. குமாஸ்தா தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து தையல்காரியிடம் கொடுத்தார்.

"விரல் அசையுதாம்மா?"

"கட்டைவிரல் அசைஞ்சுதுங்க. இப்ப மத்ததும் கொஞ்சம்."

"பேச்சு?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் கிளம்பிப் போனார். போகிற வழியில் பழக்கத்தில் ஒரு காலை இழுத்து, பிறகு ஞாபகம் வந்து நேராக நடந்தார்.

மறுநாள் காலை காவலாளி ஸ்டூலில் ஏறி அட்டையை மாற்றினார். நானூற்றுப் பதின்மூன்று.

வார்டில் அறிவிப்பாளரின் வாயோரம் முக்கால்வாசி மேலே ஏறியிருந்தது. வலது கையால் போர்வையைப் பிடிக்க முடிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கை வந்துவிடும் என்றாள். பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம்மா. பேச்சுக் குடுத்துட்டே இருங்க" என்றாள். அறிவிப்பாளர் அவள் போகும் திசையைப் பார்த்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றார். பிறகு தனக்கே அது அலுத்துப்போன மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

தையல்காரி கட்டிலோரம் உட்கார்ந்தாள். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. பேருந்து நிலையத்தில் இன்று வேறு யாரோ அறிவிக்கிறார்களாம், ஒரு வண்டியும் ஜனங்களுக்குப் புரியவில்லையாம் என்று சொன்னாள். சட்டை தைக்கக் கொடுத்தவர் மருத்துவமனைக்கே வந்து திட்டிவிட்டுப் போனதைச் சொன்னாள். வீட்டுச் சாவியை மூன்றாவது வீட்டில் கொடுத்திருப்பதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட வேண்டாம்" என்றாள். "சுவர்கிட்டயாவது பேசுங்க."

அப்போது நேர அலுவலர் வந்தார். கோப்பை முடிக்க வேண்டியிருந்தது. குணமானவர் என்று எழுதியாயிற்று. குணமானவர் சோதனை வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம். ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தார்.

"சார், வானம் நீலமாக இருக்கிறது. சொல்லுங்க."

அறிவிப்பாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மேகமூட்டமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை சார். வானம்."

நேர அலுவலர் ஜன்னலுக்கு வெளியே விரலைக் காட்டினார்.

"நேத்து மிக நன்றுன்னு போட்டேனே சார். என் வேலைக்கு உலை வைக்காதீங்க. வானம். நீலமாக."

அறிவிப்பாளர் வானத்தையும் அவரையும் விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பினார். வலது கை போர்வை மேல் ஊர்ந்து வந்து, தையல்காரியின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அளவு நாடாவின் நுனியைப் பிடித்தது. அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"பயணிகளின்" என்றார். நிறுத்தினார்.

"அதேதான் வருது" என்று நேர அலுவலர் வாட்சை நிறுத்தினார். 'பேச்சு இல்லை' என்று எழுத ஆரம்பித்தார்.

"பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு." ஒவ்வொரு சொல்லாக, படியிறங்குகிறவர் மாதிரி இறங்கினார். கடைசிப் படிக்குக் கீழே இருட்டாக இருந்திருக்க வேண்டும். அவர் நாடாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார்.

"கத்திரிக்கோல்... என் மைக் மேஜை... டிராயர்ல இருக்கு."